மலைக்குப் போன பழுப்பு முட்டை

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. இது முட்டைக் கதை. அதட்டிச் சொன்னால் அதுக்கு ஆகாது.

கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு குட்டி வேன் இருந்தது. ஓட்டுகிறவர் பெயர் செங்கோடன். அரிசி, எண்ணெய், சோப்பு என்று மலைமேல் கடைகளுக்கு வேண்டியதை ஏற்றிக்கொண்டு போவார். இறங்கும்போது பலாப்பழமும் வாழைத்தாரும் வரும். மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் எழுபது.

மலைமேல் வெள்ளச்சி என்று ஒரு அம்மா. அவள் கோழி வளர்த்தாள். கழிச்சல் நோய் வந்து கோழியெல்லாம் போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு பெட்டை. சேவல் கிடையாது. சேவல் சேராத முட்டையை எத்தனை நாள் அடை வைத்தாலும் குஞ்சு வருமா? அதனால் செங்கோடனிடம் சொல்லிவிட்டாள்.

"தம்பி, உங்க வீட்டுலதான் சேவல் இருக்குதே. ஒரு கூடை முட்டை கொண்டாந்து குடு. என் பெட்டை அடைக்கு உக்காந்திருச்சு. மறுபடியும் என் வாசல்ல கோழி மேயணும்."

"அதுக்கென்னங்க அக்கா, கொண்டாந்துட்டாப் போச்சு" என்றார் செங்கோடன். சொல்வது சுலபம்.

அப்போது வேனில் இருந்த சக்கரத்துக்குத் தொப்பையன் என்று பெயர். நடுவில் சின்ன இரும்பு, சுற்றிலும் தடித்த ரப்பர். நாலு பேரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள்; ஆனால் பேசுவது என்னவோ ஒருவன்தான். தொப்பையன் ஓடினால் பள்ளம் தெரியாது, கல் தெரியாது. தொட்டிலில் போகிற மாதிரி இருக்கும். வளைவு வந்தால்தான் சங்கடம். வண்டி ஒரு பக்கம் திரும்பும், அவன் வயிறு மறுபக்கம் சாயும். முப்பதாவது வளைவில் வேன் ஒரு ஆட்டம் ஆடியது. முட்டைக் கூடை கவிழ்ந்தது.

வெள்ளச்சி எட்டிப் பார்த்தாள். "ஏன் தம்பி, ஆம்லெட்டாவே போட்டுக் கொண்டாந்துட்டியா?"

செங்கோடனுக்கு வெட்கம் பிடுங்கியது. ஒரு கல்யாணக் காரில் பார்த்த சக்கரத்தை நினைத்துக்கொண்டு நேராக கமால் பாயின் டயர் கடைக்குப் போனார். அந்தச் சக்கரத்துக்குப் பெயர் மினுக்கன். பெரிய இரும்பு வட்டம், பளபளவென்று ஆரக்கால்கள். ரப்பரோ வளையல் மாதிரி ஒரு சுற்று, அவ்வளவுதான்.

"லோடு வேனுக்கு எதுக்குய்யா மாப்பிள்ளைச் சட்டை?" என்றார் கமால் பாய்.

செங்கோடன் கேட்கவில்லை. மாட்டி, எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, இன்னொரு கூடை முட்டையோடு கிளம்பிவிட்டார்.

மினுக்கனைக் குறை சொல்ல முடியாது. வளைவுகளில் கோடு போட்ட மாதிரி திரும்பினான். கூடை அசையவே இல்லை. ஆனால் பாதையில் கிடந்த ஒவ்வொரு கல்லையும் அப்படியே வாங்கி அப்படியே மேலே அனுப்பினான். கூடையில் வைக்கோல் போட்டிருந்தும் முட்டைகளுக்கு வழி முழுக்கக் குளிர் காய்ச்சல் கண்ட மாதிரி ஒரே நடுக்கம்.

ஒரு முட்டைகூட உடையவில்லை. வெள்ளச்சி சந்தோஷமாக அடை வைத்தாள். மூன்று வாரம் ஆயிற்று, அதற்குமேலும் ஆயிற்று. எல்லாம் கூமுட்டை. குலுங்கின குலுங்கலில் ஓடு தப்பித்தது, உள்ளே உயிர் தப்பவில்லை.

"பெட்டை இன்னும் கூடையை விட்டு எந்திரிக்கல தம்பி" என்றாள் வெள்ளச்சி. "தீனி எடுக்காம இளைச்சுக் கிடக்கு. இன்னும் ஒரு தடவை தாங்கும். அதுக்கு மேல அது செத்துரும். அதுவும் போனா என் வாசல் காலிதான்."

செங்கோடன் வேனைத் திருப்பிக்கொண்டு இறங்கி வந்தார்.

மூன்றாவது கூடையோடு கமால் பாய் கடையில் வேன் நின்றது. கழற்றிய மினுக்கனைச் சுவரில் சாய்த்திருந்தார்கள். பக்கத்திலேயே பழைய தொப்பையன். பேச்சு உடனே ஆரம்பித்துவிட்டது.

"வாங்க மாப்பிள்ளை! முட்டையைக் கலக்கியே கொன்னீங்களாமே" என்றான் தொப்பையன்.

"நீ மட்டும் என்ன, கவுத்துத்தானே கொன்னே? வளைவைக் கண்டாலே வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சாயுறவன்!"

"எம் மேல ஏறினவங்க தூங்கிட்டே போவாங்க."

"ஆமா, தூங்கிட்டே பள்ளத்துல விழுவாங்க."

கூடையின் மேலே இருந்த ஒரு பழுப்பு முட்டை இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. உருவம் சின்னது; ஆனால் ஏறப்போவது அது அல்லவா? கவலை அதற்குத்தானே.

"ஐயா ரெண்டு பேரும் ஒட்டி நில்லுங்க, பார்ப்போம்" என்றது.

நின்றார்கள். உயரம் சமமாக இருந்தது.

"பாருங்க, வண்டி சக்கரத்துக்குன்னு குடுத்த இடம் ஒண்ணுதான். மினுக்கண்ணன் அதுல முக்கால்வாசி இரும்பை வச்சுட்டார். ரப்பருக்கு இடமில்ல, அதனால அடி தாங்க ஆளில்ல. தொப்பையண்ணன் முக்கால்வாசி ரப்பரை வச்சுட்டார். பிடிச்சு நிறுத்த இரும்பு பத்தல. நீங்க ரெண்டு பேரும் நல்லவங்கதான். இடத்தைப் பங்கு போடத்தான் தெரியல."

கமால் பாய் சிரித்துக்கொண்டே உள்ளே போய் வேறொரு சக்கரத்தை உருட்டி வந்தார். தொப்பையனைவிட இரும்பு ஒரு விரல் கூட, மினுக்கனைவிட ரப்பர் ரெண்டு விரல் கூட. உயரம் அதே உயரம். பார்க்க ஒரு விசேஷமும் இல்லை. பெயர்கூட இல்லை. நடுவுலான் என்றே வைத்துக்கொள்வோம்.

மாட்டி முடித்ததும் செங்கோடன் வழக்கம்போல ஆரம்பித்தார். "பாய், காத்து கல்லு மாதிரி அடிங்க. மலை ஏறுற லோடு."

அங்கே லோடு ஓட்டுகிறவர்கள் எல்லோரும் சொல்கிற பேச்சுதான் அது. சக்கரத்தைக் காலால் உதைத்தால் 'ணங்' என்று சத்தம் வர வேண்டும். அப்போதுதான் மனசு ஆறும்.

பழுப்பு முட்டை ஒரு யோசனை செய்தது. "செங்கோடண்ணே, மலைக்கு முன்னாடி இங்கேயே ஒரு சுத்து போகலாம். என்னை மட்டும் எடுத்து ஸ்டியரிங்குக்கு முன்னால வைங்க. போனா நான் ஒருத்தி போறேன். கூடை மிஞ்சட்டும்."

செங்கோடன் தன் துண்டைச் சும்மாடாகச் சுருட்டி அதன் நடுவில் முட்டையை வைத்தார். கடைக்கு முன்னால் ஒரு வேகத்தடை. ஏறியதுதான் தாமதம், முட்டை எகிறியது. செங்கோடன் ஸ்டியரிங்கில் ஒரு கை, முட்டைக்கு ஒரு கை என்று எப்படியோ பிடித்துவிட்டார்.

"என்ன நடுவுலானே, நீயுமா?" என்று கத்தினான் மினுக்கன். அவனுக்குக் கொண்டாட்டம்.

"என்னைக் கேக்காதீங்க. உள்ளே இருக்கிறவனைக் கேளுங்க" என்றான் நடுவுலான்.

உள்ளே இருந்தது காற்று. "நான் என்ன பண்ணட்டும்?" என்று அது முனகியது. "திருவிழா பஸ் மாதிரி திணிச்சு வச்சிருக்கீங்க. கொஞ்சம் நெளிய இடம் விட்டாத்தானே அடியை நான் வாங்கிக்க முடியும்?"

"பாய், ரெண்டு பேரை இறக்கி விடுங்க" என்றது முட்டை.

கமால் பாய் அளவு பார்த்துக் கொஞ்சம் காற்றை விட்டார். "அடேயப்பா" என்று பெருமூச்சு விட்டுக்கொண்டே வெளியே வந்தது அது.

"ரொம்பவும் விட்டுராதீங்க பாய், அப்புறம் நானும் தொப்பையன்தான்" என்றான் நடுவுலான்.

மறுபடி ஒரு சுற்று. வேகத்தடை வந்தது, போனது. பஸ் திரும்புகிற வட்டத்தில் ஒடித்துத் திருப்பினார். முட்டை துண்டுக்குள் வைத்தது வைத்தபடி இருந்தது.

செங்கோடன் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு மலை ஏறினார். முப்பதாவது வளைவில் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஐம்பதில் ஒரு பாட்டு முணுமுணுத்தார். எழுபதில் வண்டியை நிறுத்திக் கூடையைத் திறந்து பார்த்தார். "தூங்குறவங்களை எழுப்பாதீங்கண்ணே" என்றது பழுப்பு முட்டை.

மற்ற இரண்டு பேருக்கும் குறை ஒன்றும் வரவில்லை. மினுக்கன் சமவெளியில் நேர் ரோட்டில் ஓடும் ஒரு காருக்குப் போய் எல்லோர் கண்ணிலும் பட்டான். தொப்பையன் ஏரிக்கரை மண்பாதையில் ஒரு பால் வண்டிக்குப் போனான். அங்கே வளைவே கிடையாது.

வெள்ளச்சி கூடையில் மணல் பரப்பினாள். இடி இடித்தால் கரு கலங்கிவிடும் என்று அடைக்கூடையில் கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் ஒரு இரும்புத் துண்டும் வைப்பது வழக்கம். கரியும் மிளகாயும் இருந்தன. இரும்புக்குச் செங்கோடன் வேனில் இருந்த சாமான் டப்பாவைத் துழாவி ஒரு பழைய சக்கர நட்டைக் கொடுத்தார். பெட்டை இறக்கையை விரித்து எல்லாவற்றையும் மூடிக்கொண்டது.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் நட்டுக்குப் பக்கத்தில் ஏதோ அசைந்தது.

"ஏய், ஆடாதே!" என்று பதறியது நட்டு. "உன்னை உடையாமக் கொண்டாந்து சேர்க்க எத்தனை பேரு எத்தனை பாடு பட்டோம்! பத்திரமா அப்படியே இரு."

பழுப்பு முட்டை பதில் சொல்லவில்லை. உள்ளேயிருந்து ஒரு கொத்து கொத்தி, தன் ஓட்டைத் தானே உடைத்தது.