ஏதோ தவறு நடந்துவிட்டது

ஒரு செயலிக்குள் ஒரு பிழைச்செய்தி குடியிருந்தது. அதற்குத் தெரிந்த விஷயங்கள் ஏராளம். ஆனால் சொல்ல அனுமதி இருந்தது ஒரே ஒரு வரிக்குத்தான்: "ஏதோ தவறு நடந்துவிட்டது. மீண்டும் முயலவும்."

இணையம் அறுந்தாலும் இதுதான். படம் பெரிதாக இருந்தாலும் இதுதான். பிறந்த தேதியை மாற்றிப் போட்டாலும் இதேதான். உண்மையான காரணத்தை அது சென்னையில் இருந்த அலுவலகத்துக்கு மட்டும் அனுப்ப வேண்டும். எதிரே கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு தவிப்பவரிடம் மூச்சு விடக் கூடாது.

"காரணம்லாம் சொன்னா பயந்துடுவாங்க பிரேம். எல்லாத்துக்கும் ஒரே லைன் போட்டு விடு" என்று மேலாளர் ரங்கபாஷ்யம்தான் சொன்னார். செயலியை எழுதிய பிரேமானந்த் தலையாட்டினான். மறுநாள் காலையில் செயலியை ஒப்படைத்தாக வேண்டும். எதையும் மறுத்துப் பேச அவனிடம் தெம்பு இல்லை.

"உன் பச்சை நிறத்துக்கு ஒரு வாரம் கூட்டம் போட்டார்கள்" என்று செய்தி 'சமர்ப்பி' என்ற பொத்தானிடம் அலுத்துக்கொள்ளும். "பேச வேண்டியவன் நான். நான் என்ன பேச வேண்டும் என்று யோசிக்க அவர்களுக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்கூட இல்லை."

"நான் அழகாக இருப்பது என் குற்றமா?" என்றது பொத்தான்.

"இல்லையப்பா. நீ அழகாக இரு. திட்டு வாங்க நான் இருக்கிறேன்."

காது சரியாகக் கேட்காத பிள்ளைகளுக்கு ஒரு தொண்டு நிறுவனம் இலவசமாகக் காதுக் கருவி கொடுக்கும் முகாமுக்கான செயலி அது. செயலியில் பதிந்தவர்களுக்கு மட்டும்தான் கருவி. இடங்களோ கொஞ்சம்.

பதிவு தொடங்கிய நாளன்று, மதியச் சாப்பாட்டு நேரத்தில், சங்கரன்கோவில் ஜவுளிக்கடை ஒன்றின் மாடிப்படியில் இசக்கியம்மாள் போனோடு உட்கார்ந்தாள். அவள் அங்கே சேலைப் பிரிவில் வேலை பார்ப்பவள். வேலை நேரத்தில் போனைத் தொட்டால் முதலாளி உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார். மகள் சுடர்மதிக்கு ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பு. கருவி இல்லாமல் போனால் டீச்சரின் வாயசைவைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளை. அடுத்த முகாம் அடுத்த வருடம்தான்.

'அடையாள அட்டையில் உள்ளபடியே நிரப்பவும்' என்று மேலே எழுதியிருந்தது. அட்டையில் 'க. சுடர்மதி' என்று இருந்தது. முதல் பெயர்க் கட்டத்தில் சுடர்மதி என்று அடித்தாள். கடைசிப் பெயர்க் கட்டத்தில், அப்பா கசமுத்துவுக்காக ஒரு 'க' போட்டாள். பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

சுழல்வட்டம் சுற்றியது. கடைசிப் பெயர்க் கட்டம் கையைக் குறுக்கே நீட்டியது.

"ஒற்றை எழுத்து. உள்ளே விட மாட்டேன். இரண்டு எழுத்தாவது வேண்டும்."

"அடப்பாவி, அது இனிஷியல்!" என்றது பிழைச்செய்தி. "இந்த ஊரில் பாதிப் பேருக்கு அப்பா ஒற்றை எழுத்துதான்."

"எனக்கு என்ன தெரியும்? என்னை வேறு எங்கிருந்தோ அப்படியே எடுத்து இங்கே ஒட்டினார்கள். பழைய இடத்தில் என்ன வேலை பார்த்தேனோ அதைத்தான் இங்கேயும் பார்க்கிறேன்."

"பிரேமானந்த் சோதித்துப் பார்க்கவில்லையா?"

"பார்த்தானே. முதல் பெயர் டெஸ்ட், கடைசிப் பெயர் டெஸ்ட். ஜம்மென்று உள்ளே போனான்."

பிரேமானந்துக்கும் இனிஷியல் உண்டு. ச. பிரேமானந்த். ஆனால் இப்படிப்பட்ட கட்டத்தைக் கண்டால் அவன் கை தானாகவே அப்பா பெயரை முழுசாக அடித்துவிடும். பல வருடமாக வளைந்து கொடுத்ததில், வளைகிறோம் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

வேறு வழியில்லாமல் பிழைச்செய்தி திரையில் ஏறி நின்று, தனக்குத் தெரிந்த வரியைச் சொன்னது. ஏதோ தவறு நடந்துவிட்டது. மீண்டும் முயலவும்.

இசக்கியம்மாள் மீண்டும் முயன்றாள். பிள்ளையின் படத்தை மாற்றினாள். பிறந்த தேதியைச் சரிபார்த்தாள். சிக்னல் சரியில்லையோ என்று மொட்டை மாடிவரை ஏறிப் போய் வெயிலில் நின்றாள். திரும்பி வந்து, பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ரெஜினாவிடம் போனை நீட்டினாள்.

"எக்கா, இத கொஞ்சம் பாருங்களேன். ஏதோ தப்புங்கு. என்ன தப்புன்னு சொல்ல மாட்டேங்கு."

"மூடிட்டுத் தொறந்து பாரு. என் போனும் இப்படித்தான் படுத்தும்."

மூடித் திறந்தாள். அடித்ததெல்லாம் காணாமல் போயிருந்தது. முதலிலிருந்து அடித்தாள். கட்டம் கை நீட்டியது, செய்தி தன் வரியைச் சொன்னது.

"நாந்தான்க்கா எதையோ தப்பா அடிக்கேன்" என்றாள் இசக்கியம்மாள். "நாலு எழுத்து கூடப் படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

பிழைச்செய்திக்கு அழுகையே வந்துவிட்டது. "அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறாள். நம் தப்பைத் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்கிறாள், பார்த்தாயா?"

"என்னைப் பார்" என்றது சுழல்வட்டம், சுற்றிக்கொண்டே. "நான் சுற்றினால் ஏதோ நடக்கிறது என்று நம்பிக் காத்திருக்கிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல எனக்கும் வாய் இல்லை."

செய்தி மறுபடியும் அலுவலகத்துக்குத் தகவல் அனுப்பியது. கடைசிப் பெயர், ஒற்றை எழுத்து, உடனே கவனிக்கவும். காலையிலிருந்து இதே காரணத்தை எத்தனையோ பேருக்காக அனுப்பியாயிற்று. அங்கே யாரும் பார்க்கவில்லை. நச்சரிப்பு தாங்காமல் பிரேமானந்த் அந்த அறிவிப்பின் சத்தத்தை அடைத்துவைத்திருந்தான். அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். அடுத்த செயலி வேறு அவன் தலைமேல் உட்கார்ந்திருந்தது.

அந்த நேரத்தில் ரங்கபாஷ்யம் அவன் மேஜைக்கு வந்தார்.

"சீட் முடியப் போகுது பிரேம். முடிஞ்சதும் அதை மட்டும் தெளிவா சொல்லிடு. இல்லேன்னா ஆளாளுக்கு நமக்குப் போன் பண்ணி உயிரை எடுப்பாங்க."

பிரேமானந்த் இரண்டு நிமிடத்தில் புது வரி ஒன்றை எழுதி அனுப்பினான்.

பிழைச்செய்தியின் வாய்க்குள் புதிய சொற்கள் வந்து விழுந்தன. 'ஏதோ' இல்லை, மழுப்பல் இல்லை. யார் படித்தாலும் புரியும் சொற்கள். கடைசியில் என்னையும் பேச விட்டார்களே என்று அது ஒரு கணம் மகிழ்ந்தது. பிறகுதான் என்ன சொற்கள் என்று பார்த்தது.

கீழே சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தது. ரெஜினா கை கழுவ எழுந்தாள். இசக்கியம்மாள் கடைசியாக ஒருமுறை பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

"எல்லா இடங்களும் நிரம்பிவிட்டன. பதிவு முடிந்தது."

அதை அவள் இரண்டாம் முறை படிக்க வேண்டியிருக்கவில்லை. போனை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக் கேட்டாள்:

"இத மட்டும் எப்படி இவ்வளவு தெளிவா சொல்லுத?"