வடத்தின் மேல் உட்காரச் சொன்னவள்

மேகமலைச் சரிவில், மலைப்பாதையில் ஜீப் ஓட்டும் கிளப்பின் ஜீப் ஒன்று புரண்டு, பள்ளத்தின் விளிம்பில் ஒருக்களித்துக் கிடந்தது. உள்ளே கிளப் உறுப்பினர் சுருளிவேல் சீட் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தார். இழுக்க டிராக்டரோடு வந்த பேச்சியம்மா, கிளப் கொடுத்த கம்பி வடத்தைத் தடவினாள். பாதி நைந்திருந்தது. அறுந்தால் ஆள் பள்ளத்தில்தான்.

"இது தாங்காது சார்."

"பத்து டன் தாங்கும்! எனக்கே பாடம் எடுக்கிறியா? இழு!" என்று குதித்தார் கிளப் தலைவர் தர்மராஜ்.

ஜீப் ஒரு சாண் நழுவியது. சுருளிவேல் அலறினார்.

"சரிங்க சார், இழுக்கிறேன். வடம் அறுந்தா துள்ளி அடிக்கும். நடுவுல கனமா எதையாவது வைக்கணும். நீங்களே வந்து உக்காருங்க."

தலைவர் நாலடி பின்வாங்கினார்.

"பத்து டன் தாங்கும்னீங்களே?"

ஜீப்புக்குள்ளிருந்து கத்தல் வந்தது: "யோவ், உன் வண்டியில புது வடம் இருக்கே, எடுய்யா!"

தலைவர் எடுத்து வந்தார். அதன் கவரைக்கூட அவர் இன்னும் பிரித்திருக்கவில்லை.