அசையாத் தூணும் ஆடிய வரிசையும்

மலை அசைந்தாலும் மகுடவர்மரின் சபையில் ஒரு துரும்பும் அசையாது என்று அரண்மனை வாசலில் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். வெட்டிய மறுமாதமே கல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அடியில் செங்கல் சொருகியிருந்தது.

அது முன்னொரு காலம். மன்னர்களுக்குப் பொழுதும் இரும்பும் மலிவாகக் கிடைத்த காலம். மகுடவர்மர் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் ஓர் இரும்புத் தூணை நிறுத்தி, "உள்ளும் புறமும் அசையாதது, என் ஆட்சியைப் போல" என்று அறிவித்தார். சபை ஆரவாரித்தது.

அரசவை விகடன் அம்பலக்கூத்தனுக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை. கொல்லன் உலையடியில் கதை பேசியே பாதி ஆயுளைக் கழித்தவன் அவன்.

"புறம் சரி மகாராஜா. உள்ளே துகள்களெல்லாம் நின்ற இடத்திலேயே துடித்துக்கொண்டுதான் இருக்கும்."

கூத்தனைக் கவிழ்க்கக் காத்திருந்த பிரதானி வரகுணருக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்தது. "கேட்டீர்களா பிரபு! தங்கள் ஆட்சி உள்ளுக்குள் ஆட்டம் கண்டிருக்கிறதாம்!"

மன்னருக்குக் கூத்தன்மேல் உயிர். ஆனால் சபை பார்த்துக்கொண்டிருந்தது. "நாளை உச்சிப்பொழுதுக்குள் நிரூபி. இல்லையென்றால் நாட்டைவிட்டுப் போ" என்றார், அவன் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் கூத்தன் அதிகாரிகளை அவர்களுடைய நீண்ட பலகையில் உட்காரச் சொன்னான். மன்னருக்கு அருகில் ஓரத்தில் பிரதானி. அப்புறம் அந்தஸ்துப்படி இருபது பேர், தோளோடு தோள். தன் இடத்தை விடுவதைவிட மூக்கை அறுத்துக் கொடுக்கலாம் என்று நினைக்கிற கூட்டம்.

"இரும்பாக இருங்கள் ஐயன்மாரே" என்றான். இருந்தார்கள். முழங்கைகள் மட்டும் மெல்ல இடித்துக்கொண்டிருந்தன.

கூத்தன் மன்னர் பக்கம் திரும்பி உரக்கக் கேட்டான்: "பட்டத்து யானைமேல் ஊர்வலம் போக இவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கப் போகிறீர்களாமே?"

அவ்வளவுதான். தோள்கள் அகன்றன, மார்புகள் நிமிர்ந்தன.

"தள்ளும் ஐயா!"

"முதலில் உம் தொப்பையை உள்ளே இழுத்துக்கொள்ளும்!"

ஒருவரும் இடம் மாறவில்லை. ஆனால் வரிசை நீண்டது. ஓரத்தில் இருந்த பிரதானி தொப்பென்று மன்னர் காலடியில் விழுந்தார்.

"இதுதான் இரும்பு மகாராஜா. இடத்தையும் விடாது, சும்மாவும் இருக்காது. சூடு ஏறினால் துடிப்பு கூடும். இருக்கிற இடம் போதாது."

"மனிதன் வேறு, இரும்பு வேறு!" என்று பிரதானி தரையிலிருந்தே கத்தினார்.

கூத்தன் கைகாட்டினான். கொல்லன் ஒரு வண்டிச் சக்கரத்தையும் அதன் விளிம்பில் மாட்டும் இரும்புப் பட்டையையும் கொண்டுவந்தான். எவ்வளவு அடித்தும் பட்டை ஏறவில்லை. முற்றத்து நெருப்பில் சிவந்ததும் வழுக்கிக்கொண்டு ஏறியது. தண்ணீர் ஊற்றியதும் சக்கரத்தை இறுகக் கவ்விக்கொண்டது.

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். "நல்ல வேளை, நீ போகவில்லையடா!" என்று கூத்தனைத் தழுவிக்கொண்டு, பரிசளிக்கத் தன் முத்திரை மோதிரத்தைக் கழற்றப் போனார். வரவில்லை. திருகினார். நல்லெண்ணெய் தடவினார்கள். அப்போதும் வரவில்லை.

"சூட்டில் இரும்பு விரிந்ததுபோல, குளிரில் மோதிரம் சுருங்கியிருக்கும் பிரபு" என்றார் பிரதானி, பணிவாக.

அது சித்திரை மாதம். மோதிரம் சுருங்கவில்லை, விரல்தான் பருத்திருந்தது.