காதாட்டாத கணக்கர்

முன்னொரு காலத்தில் கொன்றையூர் நாட்டை அதிவீரமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒன்று சொல்வான், மத்தியானம் வேறொன்று சொல்வான். அவனிடம் மாறாமல் இருந்தது யானைப் பாசம் ஒன்றுதான். ‘காதாட்டாத யானை களைத்த யானை. அதன்மேல் சுமை ஏற்றுகிறவன் அந்தச் சுமையைத் தானே சுமக்க வேண்டும்’ என்று கல்லில் வெட்டி, யானைக் கொட்டில் வாசலில் நட்டு வைத்திருந்தான்.

அந்த அரண்மனைக் கணக்கர் பெயர் ஆதிமூலம். பதினெட்டு வருஷமாக நெல்வரி, சுங்கம், படைச்செலவு எல்லாம் அவர் தலையில்தான். அவர் எழுதியதைப் பொக்கிஷ அதிகாரி வரகுணர் சபையில் கணீரென்று வாசிப்பார். வாசித்தவருக்குப் பட்டும் பொற்காப்பும் கிடைக்கும். எழுதியவருக்கு அடுத்த கட்டு ஓலை கிடைக்கும்.

கொஞ்ச நாளாக ஆதிமூலத்துக்கு என்னவோ ஆகியிருந்தது. காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை. ஆனால் சோற்றில் ருசி தெரியவில்லை. பொழுது விடிந்தால், ஏன்தான் விடிந்ததோ என்றிருந்தது. விலகிவிடலாமா என்று நினைப்பார். சரி, அறுவடைக் கணக்கு முடியட்டும் என்பார். அது முடிவதற்குள் திருவிழாக் கணக்கு வந்து நிற்கும்.

அவர் மனைவி செங்கமலம் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள். “ராஜாங்கம் இருக்கிற மட்டும் கணக்கு இருக்கும். நீங்கள் இருக்க வேண்டாமா?”

அந்தக் கேள்வி அவரை உலுக்கிவிட்டது. மறுநாளே சபைக்குப் போய், “மகாராஜா, எனக்கு விடை கொடுங்கள். களைத்துப்போனேன்” என்று கைகூப்பினார்.

வரகுணர் திடுக்கிட்டார். இந்த மனிதர் போய்விட்டால் எழுதுவது யார்? சட்டென்று எழுந்தார். “மகாராஜா, களைத்தவன் பிழை செய்வான். இவர் கணக்கில் பதினெட்டு வருஷமாக ஒரு பிழை உண்டா? அப்புறம் களைப்பு எங்கிருந்து வந்தது? சுத்தச் சோம்பல்!”

“அடடா, சரியான பேச்சு!” என்று ராஜா தொடையைத் தட்டினான். “ஆதிமூலம், என்றைக்குப் பிழை செய்கிறீரோ அன்றைக்கு விலகிக்கொள்ளும்.”

“பிழை செய்கிற கணக்கருக்குப் பத்துச் சவுக்கடி. அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும்” என்று வரகுணர் இளித்தார்.

ஆதிமூலம் வசமாக மாட்டிக்கொண்டார். பிழை செய்யாவிட்டால் விடுதலை இல்லை. செய்தால் முதுகுத்தோல் இல்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அமைச்சர் இளவழகர் மெல்லத் தொண்டையைக் கனைத்தார். “மகாராஜா, கணக்கர் களைத்திருக்கிறாரா இல்லையா என்று நாளைக்கு நம் யானை வைத்தியரை விட்டுச் சோதிக்கலாமே.”

“யானை வைத்தியரா?” ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “ஆகட்டும், ஆகட்டும்!”

நம்மை வைத்து ஊரே வேடிக்கை பார்க்கப்போகிறது என்று நொந்துகொண்டே வீட்டுக்குப் போனார் ஆதிமூலம்.

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. முதலில் விகடக்காரர் ஒருவர் வந்து, வரி கட்டாமல் தப்பிக்கப் பார்த்த கழுதையின் கதையைச் சொன்னார். சபை குலுங்கியது. ராஜா சிம்மாசனத்திலிருந்து சரிந்தே விட்டான். வைத்தியர் மட்டும் ஆதிமூலத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கதை எப்படி, கணக்கரே?” என்று கேட்டார் அமைச்சர்.

“எழுபத்திரண்டு பேர் சிரித்தார்கள். அதில் பதினாறு பேர் வாயைப் பொத்திக்கொண்டு” என்றார் ஆதிமூலம்.

சபை மறுபடியும் சிரித்தது. வைத்தியர் சிரிக்கவில்லை. “காது ஆடவில்லை” என்றார்.

அடுத்து அமைச்சர் கையசைக்க, செங்கமலம் தன் ஐந்து வயது மகள் வஞ்சியோடு உள்ளே வந்தாள். குழந்தை தாயின் கையை உதறிவிட்டு ஓடிவந்து இரண்டு கையையும் நீட்டியது. “அப்பா, தூக்கு!”

“மனு எழுதிக் கொடுத்துவிட்டுப் போ. அடுத்த வாரம் பார்க்கலாம்” என்றார் ஆதிமூலம்.

சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. குழந்தை நீட்டிய கையை மடக்கிக்கொண்டது. பாவம், அதற்கு அது பழகிப்போயிருந்தது. தான் சொன்னது ஆதிமூலத்தின் காதிலேயே அப்போதுதான் விழுந்தது. என்ன ஆகிவிட்டேன் நான் என்று பதறி, குழந்தையை வாரி அணைத்துக்கொண்டு அழுதார்.

“அழுகை கிடக்கட்டும், மகாராஜா. இன்னும் பிழை ஒன்றும் இல்லையே!” என்றார் வரகுணர்.

அமைச்சர் ராஜாவைப் பார்த்தார். “போன வருஷம் நம் பட்டத்து யானை காதாட்டுவதை நிறுத்தியதே, அப்போது அது யாரையாவது மிதித்ததா?”

“சீச்சீ, இல்லை.”

“பிறகு ஏன் ஆற்றங்கரைத் தோப்புக்கு ஓய்வுக்கு அனுப்பினீர்கள்?”

“மிதித்த பிறகா அனுப்புவார்கள்? என்னய்யா பேசுகிறீர்...” என்று ஆரம்பித்த ராஜா பாதியில் நிறுத்தினான். குழந்தையைப் பார்த்தான். முகம் சிவந்துபோயிற்று.

“யானைக்குப் பார்த்த நியாயத்தை மனுஷனுக்குப் பார்க்காமல் போனேனே. ஆதிமூலம், ஆறு மாசம் தோப்பில் போய் இரும். சம்பளம் வீடு தேடி வரும். அப்புறம் காது ஆடுகிறதா என்று நானே வந்து பார்க்கிறேன்.” பிறகு வரகுணர் பக்கம் திரும்பினான். “கல்லில் என்ன வெட்டியிருக்கிறது?”

வரகுணர் முணுமுணுத்தார். “சுமை ஏற்றியவன்... தானே... சுமக்க வேண்டும்.”

“அறுவடைக் கணக்கை எடுத்துக்கொண்டு உட்காரும். காப்பைக் கழற்றி வைத்துவிடும், எழுதும்போது இடிக்கும்!”

ஆறு மாசம் கழித்து, சொன்னபடியே ராஜா தோப்புக்குப் போனான். மாமரத்தடியில் வஞ்சியை முதுகில் ஏற்றிக்கொண்டு யானைபோல் பிளிறிக்கொண்டிருந்தார் ஆதிமூலம். சிரித்துச் சிரித்து அவருக்கு மூச்சு வாங்கியது.

“பலே, காது ஆடுகிறது!” என்று ராஜா மகிழ்ந்துபோய், கொண்டுவந்த ஓலைக்கட்டை அவர் கையில் கொடுத்தான். “வரகுணன் எழுதியதில் பக்கத்துக்குப் பத்துப் பிழை. நாளைக்கே வந்துவிடும்.”

ஆதிமூலம் வாங்கிக்கொண்டார். சிரிப்பு நின்றது. முதுகிலிருந்த குழந்தை தானாகவே இறங்கி, தள்ளிப் போய் நின்றது.

ராஜா அவரைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான். பிறகு அந்த ஓலைக்கட்டைத் தன் கையாலேயே திரும்ப வாங்கிக்கொண்டான்.

“விலகுகிற நாள் இன்றைக்குத்தான், ஆதிமூலம்” என்று சொல்லிவிட்டு, கட்டைத் தானே சுமந்துகொண்டு அரண்மனைக்கு நடந்தான்.