தங்கச் சங்குக்கு நின்ற வரிசை

ஒரு காட்டில், தை மாதத்து முதல் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, முப்பத்தொரு நண்டுகள் வரிசையில் நின்றன. அவை காத்திருந்தது திருமேனி என்ற கடற்காகத்துக்காக.

அது அலையாத்திக் காடு. அங்கே மரங்கள் உப்புத் தண்ணீரில் கால் நனைத்து நிற்கும். அலை ஏறினால் கடல் காட்டுக்குள் வரும். இறங்கினால் நடுவே ஒரு மணல்திட்டு தெரியும்.

வரிசையில் நின்றவை துறவி நண்டுகள். பெயரில்தான் துறவு. குழந்தைகளே, இந்த நண்டுகளுக்கு முன்பக்கம் கவசம் உண்டு. பின்பக்கம் வெறும் மெத்தென்ற சதை. அதனால் நத்தைகள் செத்து ஒதுங்கிய காலிச் சங்குக்குள் பின்பக்கத்தை நுழைத்துக்கொண்டு, வீட்டைச் சுமந்தபடியே திரியும். உடம்பு வளர்ந்தால் வீடு பற்றாது; வேறு தேட வேண்டும்.

அதற்கு அவற்றிடம் ஒரு வழக்கம் இருந்தது. பெரிய சங்கு ஒன்று கிடைத்தால் எல்லோரும் பருமன்படி வரிசையில் நிற்பார்கள். முதல் நண்டு அதில் குடிபோகும். அது விட்ட வீடு இரண்டாவது நண்டுக்கு. இரண்டாவது விட்டது மூன்றாவதற்கு. ஒரே ஒரு சங்கு வந்தால் போதும், கடைசி நண்டு வரைக்கும் வசதியான வீடு கிடைத்துவிடும்.

அந்தக் கடைசி இடத்தில் நின்றவள் சின்னக்கனி. எதையும் தட்டிப் பார்க்காமல் நம்பமாட்டாள். அவளுடைய சங்கு அவளுக்குப் பற்றாமல் போய் வெகுநாள் ஆகிவிட்டது. போதாததற்கு விளிம்பு உடைந்து, பாதி வயிறு வெளியே தெரிந்தது. இரண்டு முறை கொக்கிடம் மாட்டியிருப்பாள், மயிரிழையில் தப்பினாள். இன்றைக்கு வீடு மாறாவிட்டால் அடுத்த கொக்குக்கு அவள்தான் இரை.

மார்கழி முழுவதும் திருமேனி காட்டுக்கு மேலே பறந்து பறந்து கூவியிருந்தான்.

"வருது, வருது! பட்டணத்துத் தங்கச் சங்கு வருது! முகம் பாக்கலாம், பஞ்சு மாதிரி லேசு! முந்துறவங்களுக்கு மட்டும்தான்!"

பட்டணத்துக் கதைகளும் சொன்னான். "அங்கே மனுசங்க உள்ளங்கையில ஒரு பலகை வெச்சிருக்காங்க. அதுல பேசுவாங்க, அதையே தடவிக்கிட்டு இருப்பாங்க. நல்லா இருக்கும்போதே வருசத்துக்கு ஒருதடவை மாத்துவாங்க. புதுசு வருதுன்னா முந்தின நாளே கடை வாசல்ல வந்து நிப்பாங்க. நீங்க மட்டும் இன்னும் நத்தை செத்த வீட்டுல குடியிருக்கீங்களே!"

அதற்கு முன்னால் தங்கள் சங்கைப் பற்றி எந்த நண்டும் வெட்கப்பட்டதில்லை. அன்று முதல் வெட்கப்பட்டன.

வரிசையின் முதலில் நின்றவர் முடியப்பன். காட்டிலேயே பெரிய நண்டு, பெரிய பெருமைக்காரர். "முதல் தங்கச் சங்கு எனக்குத்தான். எனக்கு அப்புறம்தான் மத்தவங்க" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

சின்னக்கனிக்கு முன்னால் நின்றவர் கோயில்பிச்சை. அடுத்தவர் செய்வதைத்தான் அவரும் செய்வார்.

"அண்ணாச்சி, உங்க சங்கு நல்லாத்தானே இருக்கு? எதுக்கு மாத்துறீங்க?" என்று சின்னக்கனி கேட்டாள்.

"முடியப்பன் மாத்துறாரே!"

"அவரு எதுக்கு மாத்துறாரு?"

"நாங்க எல்லாரும் வந்து நிக்கிறோமே, பிள்ளே!"

அலை இறங்கியதும் வரிசை மணல்திட்டுக்கு நகர்ந்தது. அங்கே திருமேனி வந்து இறங்கினான். அவன் முன்னால் ஒரு தங்கச் சங்கு வெயிலில் பளபளத்தது. மற்றவற்றைத் திட்டின் மறுகோடியில் கொண்டுவந்து குவித்திருந்தான். உண்மையில் அவை பட்டணத்தில் குப்பையில் எறிந்த அத்தர் புட்டிகளின் மூடிகள். நண்டுகள் அத்தரையும் கண்டதில்லை, புட்டியையும் கண்டதில்லை. "ஆ!" என்று ஒரே குரலில் வாய்பிளந்தன.

பக்கத்துப் பட்டமரத்தில் இன்னும் பத்துப் பன்னிரண்டு கடற்காகங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"அவங்கல்லாம் யாரு?" என்று கேட்டார் முடியப்பன்.

"நம்ம சொந்தக்காரங்கதான் அண்ணாச்சி. விழா பாக்க வந்திருக்காங்க" என்றான் திருமேனி. "சரி, கேட்டுக்கோங்க. பழைய சங்கைக் குடுத்துட்டுப் புதுசை எடுத்துக்கலாம். நான் ஒரு கூவல் போடுவேன். எல்லாரும் ஒரே நேரத்துல பழசைக் கழட்டி இங்கயே வெச்சிடணும். அப்புறம் அந்தக் கோடிக்கு நடந்து போய் ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிடணும். அவ்வளவுதான்!"

முடியப்பன் அப்போதே இடுப்பைத் தளர்த்திப் பாதி வெளியே வந்துவிட்டார்.

"ஒரு நிமிசம் அண்ணே!" என்று கடைசியிலிருந்து குரல் வந்தது. சின்னக்கனி வரிசையை விட்டு முன்னால் வந்தாள். "பழைய சங்கை நீங்க எடுத்துட்டுப் போயிட்டா, கோயில்பிச்சை அண்ணாச்சி வீடு எனக்கு எப்படி வரும்?"

"உனக்கு எதுக்கும்மா பழசு? உனக்கும் தங்கம் இருக்கே!"

"என் அளவுல இருக்கா?"

"எல்லாம் ஒரே அளவு."

"அப்ப முடியப்பன் அண்ணாச்சி அதுல எப்படி நுழைவாரு?"

நாலைந்து நண்டுகள் சிரித்தன. முடியப்பன், "ஏ பிள்ளே, என் உடம்பைப் பத்திப் பேசாதே" என்று அதட்டினார்.

"உள்ளே தாராளமா இடம் இருக்கு" என்றான் திருமேனி அவசரமாக.

"அப்ப கையை விட்டுப் பாத்துக்கிடுறேன். உள்ளே துழாவிப் பாக்காம எங்க கூட்டத்துல யாரும் குடிபோனதில்லை."

"ஐயையோ, தொடாதே! கை பட்டா மினுமினுப்புப் போயிடும்."

சின்னக்கனி கொடுக்கை இழுத்துக்கொண்டாள். ஆனால் மூடிக்குள் எட்டிப் பார்த்துவிட்டாள். உள்ளே வழவழவென்று இருந்தது. நுழைந்த நண்டு காலை ஊன்றி வெளியே வர ஒரு பிடிகூட இல்லை. அவள் அதைச் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பளபளப்புக்கு முன்னால் யார் கேட்கப் போகிறார்கள்?

"சரிண்ணே, நான் தொடல. நீங்களே நுழைச்சுக் காட்டுங்க" என்றாள்.

"நானா?"

"ஆமா. இந்தக் கரையிலேயே உங்க அலகுதான் நீளம், உங்க அலகுதான் அழகு. அதுவே உள்ளே போயிடுச்சுன்னா எங்க வயிறெல்லாம் எம்மாத்திரம்?"

திருமேனிக்குத் தன் அலகைப் பற்றி யாராவது பேசினால் போதும். கழுத்தைச் சிலுப்பிக்கொண்டான். "எல்லாரும் நல்லாப் பாத்துக்கோங்க" என்று சொல்லி அலகின் நுனியை மூடிக்குள் விட்டான்.

"அட, நுனிதானா போகும்?" என்றாள் சின்னக்கனி.

திருமேனி இன்னும் கொஞ்சம் அழுத்தினான்.

"பாதிதான் போகுது போல!" என்றார் கோயில்பிச்சை, அவளைப் பார்த்து.

"பாதிதான்! பாதிதான்!" என்று வரிசை முழுவதும் கத்தியது.

ரோஷம் வந்து திருமேனி மூடியைத் தரையில் ஊன்றி முழு பலத்தோடு குத்தினான். அலகு முழுவதும் உள்ளே போயிற்று. நண்டுகள் கொடுக்கைத் தட்டி ஆரவாரம் செய்தன.

பிறகு அவன் அலகை வெளியே இழுத்தான். வரவில்லை. தலையை உதறினான். வரவில்லை. காலால் உதைத்தான். மூடி இன்னும் இறுகியது.

"ம்ம்ம்!" என்றான். "ம்ம்ம்ம்!"

பட்டமரத்தில் ஒரு காகம் பக்கத்துக் காகத்திடம் சத்தமாகக் கேட்டது: "இப்பப் போட்டானே, இதுதான் கூவலா?"

"இருக்காது. அவன் கூவினா ஊருக்கே கேக்குமே."

மூன்றாவது காகத்துக்குப் பொறுமை போய்விட்டது. "ஏய் திருமேனி! எப்பப்பா கழட்டுவாங்க? விடியக்காலையில இருந்து வெறும் வயித்தோட உக்காந்திருக்கோம்!"

நண்டுகள் எல்லாம் பட்டமரத்தைத் திரும்பிப் பார்த்தன.

"அவங்களுக்கு ஏன் பசிக்குது?" என்று கேட்டார் கோயில்பிச்சை.

பாதி உடம்பு வெளியே கிடந்த முடியப்பனுக்கு விளங்கிவிட்டது. "ஏலே, உள்ளே போங்கலே! எல்லாரும் உள்ளே!" என்று அலறிக்கொண்டே தன் சங்குக்குள் சுருண்டார். எல்லோரும் விருட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டு கொடுக்கால் வாசலை அடைத்தார்கள்.

காகங்கள் பாய்ந்தன. கல் போன்ற சங்குகளை டொக் டொக் என்று கொத்தின. அலகு வலித்ததுதான் மிச்சம்.

ஆனால் சின்னக்கனி எங்கே போவாள்? எவ்வளவு இழுத்துக்கொண்டாலும் அவள் வயிறு வெளியேதான் இருந்தது. ஒரு காகம் அதைப் பார்த்துவிட்டது. இறக்கையை மடக்கி, அவளைக் குறிவைத்து இறங்கியது.

அந்த நேரத்தில் ஒரு கனமான சங்கு பின்னாலிருந்து நகர்ந்து வந்து அவள் மேல் சாய்ந்தது. உடைந்த விளிம்பு முழுவதும் அதற்கடியில் மறைந்தது. காகத்தின் கொத்து அந்தச் சங்கின் முதுகில் விழுந்தது.

"யாரு அது?" என்றாள் சின்னக்கனி, அடியிலிருந்து.

"நான்தான் பிள்ளே, கோயில்பிச்சை."

"என்ன பண்றீங்க அண்ணாச்சி?"

"எனக்கே தெரியல. யாரும் இதுக்கு முன்னால செஞ்சு நான் பாத்ததில்லை."

கொத்து மேல் கொத்து விழுந்தது. கோயில்பிச்சை அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் அலை ஏறியது. மணல்திட்டு தண்ணீருக்குள் போயிற்று, நண்டுகளும் தண்ணீருக்குள் போயின. காகங்கள் திருமேனியைத் திட்டிக்கொண்டே பறந்தன. அவனால் பதில் சொல்ல முடியவில்லை. தங்க அலகோடு பட்டணத்துப் பக்கம் போனான். வெயிலில் அது வெகுதூரம் வரை மின்னியது. மின்னும் என்று அவன் சொன்னது மட்டும் பொய்யில்லை.

அலையாத்தி வேர்களுக்கிடையில் நண்டுகள் ஒன்றுகூடின. சிரிக்க ஆரம்பித்தவர்களால் நிறுத்த முடியவில்லை. "ம்ம்ம்!" என்று ஒருவர் சொன்னால் போதும், மற்றவர்கள் புரண்டு விழுந்தார்கள்.

முடியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. சின்னக்கனியின் உடைந்த சங்கைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏ பிள்ளே, இந்த உடம்பு தப்பினது உன்னால. கூட்டத்துலயே பெரிய ஆளு நான். பெரிய சங்கு தேட வேண்டியதும் நான்தான்."

"கிடைக்கலைன்னா அண்ணாச்சி?"

"நான் தேடிக் கிடைக்காமப் போகுமா?" என்றார் முடியப்பன். பெருமை போகவில்லை.

பெரிய சங்கு கிடைக்கும்வரை சின்னக்கனி எங்கே போனாலும் கோயில்பிச்சை ஒட்டினாற்போல நடந்தார்.

மாசி மாதம் பத்தாம் தேதி, கழிமுகத்துச் சேற்றிலிருந்து முடியப்பன் ஒரு பெரிய காலிச் சங்கை இழுத்து வந்தார். அன்று உச்சி வெயிலுக்குள் முப்பத்தொரு நண்டுகளும் வீடு மாறின. கோயில்பிச்சை விட்ட சங்கில் சின்னக்கனி குடியேறினாள்.

நீதி: மினுக்கிக் காட்டுகிறவன் உள்ளே பார்க்கவிடவில்லை என்றால், உன்னிடம் இருப்பதைக் கழற்றிக் கொடுக்காதே.