திரை மூலையில் ஒரு எண்

"டீச்சர், ஒண்ணு கார்டு சரியில்ல. இல்லன்னா நான் சரியில்ல. எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

கடைக்கு வந்ததும் வராததுமாக ஆவுடையப்பன் இப்படிக் கேட்டார்.

முத்தரசி தூத்துக்குடியில் கேம் ஆடுகிறவர்களுக்குப் பாகங்களைப் பொருத்திக் கம்ப்யூட்டர் செய்து கொடுப்பவள். ஆவுடையைவிட வயதில் சின்னவள். கம்ப்யூட்டர் வேலையை அவளிடம் கற்றுக்கொண்டதால் அவருக்கு அவள் டீச்சர், அவளுக்கு அவர் அண்ணன். குரு சிஷ்யனை 'அண்ணே' என்று கூப்பிடுவதில் இருவருக்கும் கூச்சம் இல்லை.

உட்காரச் சொன்னாள். ஆவுடை உட்காரவில்லை. நின்றபடியே கதையைச் சொன்னார்.

அவருடைய தம்பி இசக்கிராஜா சரக்குக் கப்பலில், இன்ஜின் ரூமில் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவான். வந்தால் அண்ணனும் தம்பியும் ஒரே திரையில் கார் ரேஸ் ஓட்டுவார்கள். கல்யாணம் காட்சி ஆன பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. போன லீவில் கம்ப்யூட்டருக்கு முடியவில்லை. வளைவு வரும்போதெல்லாம் படம் நின்று நின்று வந்தது. அடுத்த தடவை தம்பிக்கு அந்தக் குறை இருக்கக் கூடாது என்று ஆவுடை புது கிராபிக்ஸ் கார்டு வாங்கினார்.

வாங்கியது பாசத்தில்தான். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

தம்பி வந்த அன்றே பழைய கார்டைக் கழற்றிப் புதுசைப் பொருத்தினார். கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை ஏற்றினார். படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. மனுஷன் அத்தோடு விட்டிருக்கலாம். யாரோ சொன்னார்கள் என்று திரை மூலையில் ஒரு எண்ணை வரவழைத்தார். ஒரு விநாடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று காட்டும் எண் அது. ஓட்டம் தளர்ந்தால் எண் இறங்கும்.

அன்றைக்குப் பிடித்தது சனி. எண் இறங்கக் கூடாது என்று கேமில் நிழல்களைக் குறைத்தார். தண்ணீரில் தெரியும் பிம்பங்களை எடுத்தார். டிரைவரை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினார். கம்ப்யூட்டர் கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றி, டேபிள் ஃபேனை அதற்குத் திருப்பி வைத்தார். ஒவ்வொரு தடவையும் தம்பியிடம், இருடா, இந்தா முடிஞ்சிருச்சு என்றார்.

லீவுதான் முடிந்தது. இன்று சாயங்காலம் தம்பிக்கு ரயில்.

"நூத்தி இருபதுல நிக்கணும் டீச்சர். பாலத்துல ஏறும்போது நூத்திப் பத்துக்கு இறங்கிருது. அவன் கிளம்புறதுக்குள்ள சரி பண்ணிக் குடுங்க."

"தம்பி என்ன சொல்லுதாரு?"

"அவன் என்ன சொல்லுவான். பொறுத்துக்கிடுவான்."

சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. முத்தரசிக்கும் பாவமாக இருந்தது. கடையைப் பூட்டிவிட்டு அவரோடு கிளம்பினாள்.

வீட்டில் இசக்கிராஜா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். பெட்டி கட்டி வாசலருகே வைத்திருந்தது. கையில் கன்ட்ரோலர்.

கேம் எப்படி ஓடுகிறது என்று அவனிடம் கேட்டாள்.

"நல்லாத்தான் ஓடுது. முழுசா ஒரு ரேஸ்தான் இன்னும் ஓட்டல."

அவன் குரலில் கோபம் இல்லை. வெளியாள் முன்னால் அண்ணனை விட்டுக்கொடுக்க அவனுக்கு மனசில்லை.

ஆவுடை அவசரமாக அவன் பக்கத்தில் உட்கார்ந்து ரேஸைத் தொடங்கினார். இரண்டு கார்களும் கிளம்பின. பாலம் வந்தது.

"இப்ப பாருங்க டீச்சர். இறங்குது, இறங்குது."

அவருடைய கார் பாலத்துச் சுவரில் முட்டி நின்றது. அது அவருக்குத் தெரியவில்லை. அவர் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி தன் காரையும் நிறுத்திவிட்டுக் காத்திருந்தான்.

முத்தரசி ஸ்க்ரூடிரைவர் கேட்கவில்லை. கேபினட் பக்கம் திரும்பவும் இல்லை. நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்தாள். திரை மூலையில், அந்த எண்ணின் மேல் வைத்து விரலால் அழுத்தினாள்.

ஆவுடை பதறிப்போனார்.

"மறைச்சுட்டீங்களே டீச்சர். இனி நல்லா ஓடுதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"பக்கத்துல ஆள் இருக்காருல்லா. கேளுங்கண்ணே."

ஆவுடை திரும்பினார். கேட்பதற்குத்தான் வாயைத் திறந்தார்.

கன்ட்ரோலரைப் பிடித்திருந்த தம்பியின் வலது கையில், மணிக்கட்டைச் சுற்றித் தோல் சுருங்கிப் பளபளத்தது. சுட்டு ஆறிய தோல்.

"இது எப்படா ஆச்சு?"

"வந்த அன்னைக்கே இருந்துச்சுண்ணே."