தில்லைநாயகம் துலக்கிய மண்வெட்டிகள்

உமையாள் அம்மையின் மடத்துக்கு வந்து சேர்ந்தபோது தில்லைநாயகத்துக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. குருவைவிடப் பெரியவர். அதுவரை பாத்திரக்கடை ஒன்றில் குத்துவிளக்குகளுக்கு மெருகேற்றிக்கொண்டிருந்தவர்.

அம்மை அவரிடம் கருவி அறையின் சாவியைக் கொடுத்தார். உள்ளே இருந்த மண்வெட்டிகள் எல்லாம் கொல்லர் உலையில் அடித்து, சூட்டோடு எண்ணெயில் தோய்த்துக் கருக்கியவை. அந்தக் கருப்பை அவரால் பொறுக்க முடியவில்லை. செங்கல் தூளும் மணலும் வைத்து ஒரு மண்வெட்டியைத் தேய்த்தார். வெள்ளியாய் மின்னியது. மறுநாள் காலை அதன்மேல் துரு பூத்திருந்தது. மறுபடி தேய்த்தார்.

அம்மை பார்த்துவிட்டு, அந்தக் கருப்பு அழுக்கில்லை, இரும்பைத் துருப்பிடிக்காமல் காப்பதே அதுதான், விட்டுவிடுங்கள் என்றார். தில்லைநாயகம் தலையாட்டினார். அம்மை அந்தப் பக்கம் போனதும் அடுத்த மண்வெட்டியைக் கையில் எடுத்தார். இன்னொரு நாளும் அம்மை சொன்னார். அப்போதும் அதே தலையாட்டல். பிறகு அம்மை சொல்வதையே விட்டுவிட்டார். பெருமூச்சோடு கடந்து போனார்.

கண்ணை மூடித் தியானத்தில் உட்கார்ந்தாலும் தில்லைநாயகத்துக்குத் துருதான் தெரிந்தது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் பாடு இரட்டிப்பானது. காலையில் துலக்கியது சாயங்காலத்துக்குள் சிவந்தது. வந்த எரிச்சலில், மூலைமுடுக்கு விடாமல் ஒரேயடியாகத் தேய்த்து முடித்துவிடுவது என்று எல்லா மண்வெட்டிகளின் காம்பையும் கழற்றிப் போட்டார்.

அன்றைக்குப் பார்த்து வாய்க்கால் கரை உடைந்தது.

ஊர்க்காரர்கள் மண்வெட்டி கேட்டு ஓடிவந்தார்கள். தில்லைநாயகம் பதறிப்போய்க் காம்பை மாட்டினார். ஒன்று ஆடியது. ஒன்று ஓங்கும்போதே கழன்று விழுந்தது. காம்பை இறுக்கும் ஆப்புகளை எங்கே வைத்தோம் என்பதே அவருக்கு நினைவில்லை. பொறுத்துப் பார்த்தவர்கள் பலகையாலும் வெறுங்கையாலும் மண்ணை அள்ளிப் போட்டார்கள். கரையை அடைப்பதற்குள், மடத்தை அடுத்து வயல் வைத்திருந்த செங்கமலத்தின் நடவு முழுக்க மண்மூடிப் போய்விட்டது. அவள் திட்டவில்லை. கருவி அறை வாசலில் வந்து நின்று, பளபளவென்று கிடந்த இரும்புகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

தில்லைநாயகம் நேரே அம்மையிடம் போனார்.

"நான் என்னம்மா தப்புப் பண்ணினேன்? சுத்தமா இருக்கணும்னுதானே இத்தனை பாடு? இரும்பும் சுத்தமாகல, மனசும் சுத்தமாகல. தேய்க்கத் தேய்க்கத் துருதான் வருது. இதுக்கு ஒரு முடிவே இல்லையா?"

மறுநாள் மழை விட்டதும் அம்மை கொல்லைப்புறத்தில் கரி அடுப்பை மூட்டினார். ஒரு மண்வெட்டியின் இரும்புத் தகட்டைக் குறட்டால் பிடித்து, சிவக்க விடாமல் சூடேற்றி, இலுப்பெண்ணெய்ச் சட்டிக்குள் இறக்கினார். புகை மண்டியது. வெளியே எடுத்தபோது வெள்ளியெல்லாம் போய் இரும்பு கன்னங்கரேலென்று இருந்தது.

தில்லைநாயகம் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

"இத்தனை நாளாத் தேய்ச்சதும்மா அது."

"தெரியும். அடுத்ததை எடுங்க."

ஒவ்வொன்றாய் எல்லாம் கருத்தன. அம்மையே காம்பு மாட்டி, ஆப்பு அடித்து, ஒரு மண்வெட்டியை அவர் கையில் கொடுத்தார். இன்னொன்றைத் தன் தோளில் போட்டுக்கொண்டு செங்கமலத்தின் வயலுக்கு நடந்தார். அங்கே அவள் தனியாகச் சேற்று மண்ணை வாரிக்கொண்டிருந்தாள். அம்மை இறங்கி வெட்டத் தொடங்கினார்.

தில்லைநாயகம் வரப்பிலேயே நின்றார். கையிலிருந்ததை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல முகம் தெரியலையேம்மா."

அம்மை நிமிரவில்லை.

"மண்ணு தெரியுதில்ல? வெட்டுங்க."